விலை அட்டையில் இல்லாத விலை: வீட்டுக்கு லேசர் அச்சுப்பொறி வாங்கும் முன்

இரவு பத்தரை மணி. மறுநாள் காலை பள்ளியில் ஒப்படைக்க வேண்டிய இடுபணி கணினியில் தயாராக இருந்தது. ஐந்தாம் படிவம் படிக்கும் என் மகள் அதை அச்சிடக் கொடுத்தாள். முதல் பக்கம் கோடு கோடாக வந்தது. இரண்டாவது பக்கத்தில் எழுத்தே இல்லை. நீண்ட பள்ளி விடுமுறை முழுவதும் சும்மா கிடந்த அச்சுப்பொறியில் மை காய்ந்து அடைத்துவிட்டது. தாமானில் உள்ள போட்டோஸ்டேட் கடையோ எப்போதோ மூடியாயிற்று. மறுநாள் புதிய மைக் குப்பியின் விலையைக் கேட்டபோது, அது அச்சுப்பொறி வாங்கிய விலையை நெருங்கியது!

அதன் பிறகுதான் லேசர் அச்சுப்பொறியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினோம்.

லேசரில் திரவ மை கிடையாது. டோனர் எனப்படும் நுண்ணிய தூள்தான் உண்டு. லேசர் ஒளி, மின்னூட்டம் பெற்ற 'டிரம்' என்ற உருளையில் பக்கத்தின் வடிவத்தை வரைகிறது. அந்த இடத்தில் தூள் ஒட்டிக்கொண்டு தாளுக்கு மாறுகிறது. பிறகு சூடான உருளை அதை உருக்கித் தாளோடு சேர்த்துவிடுகிறது. தூள் என்பதால் இரண்டு மாதம் தொடாமல் வைத்திருந்தாலும் காய்ந்து போகாது. ஜெராக்ஸ் நிறுவனத்தில் கேரி ஸ்டார்க்வெதர் 1969ஆம் ஆண்டில் தொடங்கி வைத்த நுட்பம் இது. 1984இல் ஹியூலெட் பேக்கார்டின் முதல் லேசர்ஜெட் வந்தபோது அதன் விலை 3,495 அமெரிக்க டாலர். இன்று சில நூறு ரிங்கிட்டுக்கே கறுப்பு வெள்ளை லேசர் கிடைக்கிறது.

அந்தச் சில நூறு ரிங்கிட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் முதலில் கேட்க வேண்டியது டோனரின் விலையையும், அது எத்தனை பக்கம் வரும் என்பதையும்தான். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஒரு பக்கத்தின் செலவு தெரிந்துவிடும்.

கணக்குக்காக இரண்டு பொறிகளை வைத்துக்கொள்வோம். ஒன்றின் விலை 400 ரிங்கிட். அதன் டோனர் 300 ரிங்கிட், 1,500 பக்கம் வரும். பக்கத்துக்கு 20 காசு. மற்றொன்றின் விலை 600 ரிங்கிட். டோனர் 240 ரிங்கிட், 3,000 பக்கம் வரும். பக்கத்துக்கு 8 காசு. வாரம் 40 பக்கம் அச்சிடும் வீட்டில் மூன்றாண்டில் சுமார் 6,000 பக்கம் ஆகும். அப்போது முதல் பொறிக்கு மொத்தச் செலவு 1,600 ரிங்கிட், இரண்டாவதற்கு 1,080. 'மலிவான' பொறி 520 ரிங்கிட் கூடுதலாக விழுங்கிவிட்டது. கூடுதலாகக் கொடுத்த 200 ரிங்கிட் பத்தே மாதத்தில் திரும்பி வந்துவிடுகிறது.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பெட்டியோடு வரும் முதல் டோனர் பல மாடல்களில் முழு அளவு இருக்காது. பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கையும், தாளில் ஏறக்குறைய 5 விழுக்காடு மட்டுமே கறுப்பாக இருக்கும் என்ற அடிப்படையில் வருவது. அறிவியல் பயிற்சித்தாளில் படங்கள் நிறைய இருந்தால் டோனர் சீக்கிரம் தீரும். சில பொறிகளில் டிரம் தனியாக இருக்கும். அதையும் ஒரு நாள் மாற்ற வேண்டும் என்பதால் அதன் விலையையும் கேட்டு வையுங்கள்.

எல்லா வீட்டுக்கும் லேசர் தேவையா? தேவையில்லை. வாரம் ஐந்து பக்கம் அச்சிடுபவருக்கு ஆண்டுக்கு 260 பக்கம்தான். கடையில் 20 காசு என்றாலும் 52 ரிங்கிட்டில் முடிந்துவிடும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வண்ணப் படங்கள் அதிகம் வேண்டுமென்றால், மைத்தொட்டி வைத்த பொறி மலிவாக முடியும். ஆனால், அதை அடிக்கடி பயன்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வண்ண லேசரை நான் பரிந்துரைக்க மாட்டேன். நான்கு டோனர் வாங்க வேண்டிவரும். எப்போதாவது தேவைப்படும் வண்ணப் பக்கத்தைக் கடையில் அடித்துக்கொள்ளலாம்.

எஸ்பிஎம், எஸ்டிபிஎம் மாணவர் உள்ள வீட்டுக்குக் கறுப்பு வெள்ளை லேசர் போதும். தாளின் இரு பக்கமும் தானாக அச்சிடும் வசதி இருந்தால் தாள் செலவு பாதியாகும். கைப்பேசியிலிருந்தே அச்சிட வைஃபை வேண்டும், ஏனென்றால் ஆசிரியர்கள் பயிற்சிகளை அனுப்புவது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான். உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கும்போது அடையாள அட்டையையும் சான்றிதழ்களையும் நகலெடுக்க, மேலே கண்ணாடி வைத்த ஸ்கேனர் கைகொடுக்கும். நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்ற வேகத்தைப் பற்றி விற்பனையாளர் எவ்வளவு பேசினாலும், வீட்டில் அதற்கு வேலையில்லை.

விலை குறைந்த மாற்று டோனர் வாங்க நினைப்பவர்கள், அந்த மாடல் அதை ஏற்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். டோனரில் உள்ள சில்லைப் பார்த்து, மற்ற நிறுவன டோனரை மறுக்கும் பொறிகளும் உண்டு.

வாங்கிய பின் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். உருளை சூடாகும்போது மின்சாரத்தை நிறைய இழுக்கும் என்பதால் நேரடியாகச் சுவரில் உள்ள சாக்கெட்டிலேயே செருகுவது நல்லது. நம் நாட்டு ஈரக் காற்றில், பிரித்துப் போட்ட தாள் வளைந்து பொறிக்குள் சிக்கும். மீதித் தாளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். டோனர் தூள் கொட்டிவிட்டால் சுடுநீர் கூடாது, உருகி ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

'டோனர் குறைவு' என்று விளக்கு எரிந்ததும் கடைக்கு ஓட வேண்டாம். டோனரை வெளியே எடுத்துப் பக்கவாட்டில் மெதுவாக நான்கைந்து முறை ஆட்டிவிட்டுத் திரும்பப் பொருத்துங்கள். எங்கள் வீட்டில் போன வாரம் அப்படிச் செய்துதான், மகள் இரண்டு கணிதச் சோதனைத் தாள்களை முழுதாக அச்சிட்டு முடித்தாள்.