ஊர்க்கொடையும் பள்ளியுணவும்

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களும் முன்னாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்தவை. கொள்ளிடக் கரையை ஒட்டிய ஊர்கள் நீங்கலாக, இவற்றின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமியாகும். மழை தவறினால் உழவர் வீட்டில் முதலில் குறைவது உணவு. அடுத்து நின்றுபோவது பிள்ளையின் படிப்பு.

பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது என்பதனை உணர்ந்த முதலமைச்சர் காமராசர், கல்வித்துறையின் தலைவராய் விளங்கிய நெ. து. சுந்தரவடிவேலுவின் துணைகொண்டு, 1956ஆம் ஆண்டில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் தோன்றிய அத்திட்டம், தொடக்கத்தில் ஊராரின் கொடையையே நம்பியிருந்தது. பின்னர் அரசும் பங்கேற்றது. ஒரு பிள்ளையின் ஒரு வேளை உணவுக்கு 10 காசு என வரையறுத்து, அதில் 6 காசினை அரசும் 4 காசினை ஊராரும் அளிக்கலாயினர்.

நான்கு காசு சிறுதொகைதானே என்று தோன்றலாம். நூறு பிள்ளைகளுக்கு ஆண்டில் 200 நாள் உணவிடுவதாகக் கொண்டால், ஊரார் பங்கு 800 ரூபாய் ஆகும். அக்காலச் சிற்றூருக்கு அஃது எளிய தொகையன்று. அன்றியும், இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. விளைச்சல் மிக்க ஆண்டில் கொடுப்பார் பலர். அப்போது பள்ளியில் பசித்திருக்கும் பிள்ளைகள் சிலரே. வறட்சி வந்த ஆண்டிலோ பசித்தோர் தொகை பெருகும். கொடுத்தவர் வீட்டுக் குதிரும் வெறுமையாகும். வேண்டும்போது வற்றுவதே இத்தகைய கொடையின் இயல்பு.

இவ்விடர்ப்பாட்டைப் பழந்தமிழர் அறிந்திருந்தனர். அரியலூர்ப் பகுதியில் பழுவூர், கங்கைகொண்ட சோழபுரம் முதலிய ஊர்களில் இன்றும் நிற்பன சோழர் காலக் கோயில்கள். கோயில் விளக்கு அணையாதிருக்க அக்காலத்தார் ஆண்டுதோறும் நெய் வாங்கித் தரவில்லை. ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகளை இடையரிடம் ஒப்படைத்தனர். இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இறந்த ஆட்டின் இடத்தைக் குட்டி நிரப்பும், மந்தை குறையாது. ஆதலின் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் வழங்கின. அழகிய பெயர்! முதலைத் தொடாது வருவாயை மட்டும் செலவிடும் இன்றைய அறக்கட்டளையின் நெறியும் இதுவே.

இந்நெறியைப் பள்ளியுணவுக்குப் பொருத்திப் பார்ப்போமாயின், ஆண்டுக்கு 800 ரூபாய் வட்டி பெற, நூற்றுக்கு 5 வீதம், 16,000 ரூபாய் முதல் வேண்டும். புன்செய் ஊர்கள் அதற்கு எங்கே போகும்? 1982ஆம் ஆண்டில் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அரசே அப்பொறுப்பை மேற்கொண்டது. 2022இல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் வந்தது.

உணவுக் கவலை நீங்கியபின், ஊர்க்கொடை வகுப்பறை, கழிப்பறை, நூலகம் ஆகியவற்றின் பக்கம் திரும்பலாயிற்று. அரியலூரில் சுண்ணாம்புக்கல் மிகுதியாதலின் சிமெண்ட் ஆலைகள் பல உள்ளன. 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி, பெருநிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கினைப் பொதுநலப் பணிகளுக்குச் செலவிடல் வேண்டும். தம்மைச் சூழ்ந்த ஊர்களுக்கு முதன்மை தரவும் வேண்டும். இலாபம் குறையும் காலத்தில் அத்தொகையும் குறையும். அன்றியும், ஆடு குட்டி ஈனும்; வெட்டியெடுத்த சுண்ணாம்புக்கல் மீண்டும் விளையாது.