ஸ்டேடியாவின் கடைசிப் புழு

கூகுளின் ஸ்டேடியா என்ற கிளவுட் கேமிங் சேவையில் கடைசியாக வெளியான விளையாட்டு 'வார்ம் கேம்'. பழைய 'ஸ்னேக்' வகைதான்: திரையில் ஒரு புழு ஊர்ந்துகொண்டே இருக்கும், இரையைத் தின்னத் தின்ன உடல் நீளும். 1976-இல் கிரெம்லின் நிறுவனம் கொண்டுவந்த 'பிளாக்கேட்' என்ற காசு போட்டு ஆடும் ஆர்கேட் ஆட்டம் இந்த வகைக்கு முன்னோடி. 1997-இல் நோக்கியா 6110 கைபேசி அந்த வகையை ஊரெல்லாம் கொண்டுசேர்த்தது.

கிளவுட் கேமிங்கில் விளையாட்டு வீட்டுக் கருவியில் ஓடுவதில்லை. விரல் பொத்தானை அழுத்தியதும் கட்டளை இணையம் வழியே எங்கோ இருக்கும் சர்வருக்குப் போகிறது. சர்வர் காட்சியை வரைந்து, சுருக்கி, வீடியோவாகத் திருப்பி அனுப்புகிறது. நொடிக்கு 60 படங்கள் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 17 மில்லிநொடி. புழு சுவரை நெருங்கும் கணத்தில் திரும்பச் சொல்லி, அது சற்றே தாமதித்தாலும் ஆட்டம் கைவிட்டுப் போகும். சேவையின் வேகத்தை உரசிப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் கிடைப்பது அரிது. 2019 நவம்பரில் ஸ்டேடியா மக்களுக்குத் திறக்கப்படும் முன்பே அதன் வசதிகளைச் சோதிக்க இந்த ஆட்டம் பயன்பட்டது.

2023 ஜனவரி 13 அன்று அது இலவசமாக வெளியானது. 18-ஆம் தேதி சேவையே மூடப்பட்டது. பழைய ஆர்கேட் பெட்டியைப் பழுதுபார்த்து இன்றும் ஓட்டலாம். சர்வரில் மட்டுமே வாழ்ந்த இந்தப் புழுவின் பிரதியோ, ஆடியவர் யார் வீட்டிலும் இல்லை.