மாறிய மரபணு நல்ல செய்தி சொல்லுமா?

மாணவர்களே, ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் நிணநீர் அணுக்கள் எனப்படும் வெள்ளை அணுக்கள் ஏறத்தாழ 1,000 முதல் 4,000 வரை இருக்கும். நாட்பட்ட நிணநீர் அணு இரத்தப் புற்றுநோய் உள்ளவரிடம் அது 100,000ஐயும் தாண்டலாம். வெள்ளை அணுக்கள்தானே கிருமிகளை எதிர்க்கின்றன? அப்படியானால் அவருக்கு நம்மைவிட அதிகப் பாதுகாப்பு இருக்க வேண்டுமே!

நடப்பதோ நேர்மாறு. பெருகியவை எல்லாம் ஒரே ஒரு ‘பி’ அணுவின் நகல்கள். கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடிகளை, அதாவது எதிர்ப்பொருள்களை, அவை சரிவர உருவாக்குவதில்லை. உருவாக்க வேண்டிய நல்ல அணுக்களும் பின்தள்ளப்படுகின்றன. அதனால் நிமோனியா போன்ற தொற்றுகள் எளிதில் வருகின்றன. தடுப்பூசியும் முழுப் பலன் தராமல் போகலாம். பெரும்பாலும் முதியவர்களுக்கே வரும் நோய் இது. உங்கள் வீட்டுத் தாத்தாவுக்கு இருந்தால், சளிக்காய்ச்சலோடு அவர் பக்கத்தில் போய் உட்காராதீர்கள்.

நோயாளியின் முதல் கேள்வி, “எனக்கு இது எப்படிப் போகும், டாக்டர்?” என்பதுதான். சிலர் சிகிச்சையே இல்லாமல் பல ஆண்டுகள் நலமாக இருக்கிறார்கள். சிலருக்கு நோய் விரைவாக முற்றுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் இருவரின் அணுக்களும் ஒன்றுபோலவே தெரியும்.

விடை எதிர்ப்பொருள் மரபணுவில் இருந்தது. கிருமியைச் சந்திக்கும் ‘பி’ அணு, அதை இன்னும் இறுக்கமாகப் பற்றும்படி தன் எதிர்ப்பொருள் மரபணுவைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்ளும். புற்றணுவிலும் அந்தத் திருத்தம் இருக்கிறதா என்று இங்கிலாந்தில் டெர்ரி ஹாம்ப்ளின் குழுவும் நியூயார்க்கில் நிக்கோலஸ் சியோராசி குழுவும் தனித்தனியே தேடின. இரு ஆய்வுகளும் 1999இல் ‘பிளட்’ ஆய்விதழின் ஒரே இதழில் வெளிவந்தன. ஹாம்ப்ளினின் ஆய்வில், நோயின் தொடக்க நிலையில் இருந்தவர்களுள் திருத்தம் இல்லாத பிரிவினரின் இடைநிலை ஆயுள் 95 மாதங்கள்; திருத்தம் உள்ளவர்களுக்கு 293 மாதங்கள்! மரபணு மாற்றம் என்றாலே பயப்படுகிறோம். இங்கு மாற்றம் உள்ளவர்தான் அதிர்ஷ்டசாலி.

ஏன் இந்த வேறுபாடு? புற்றணுவின் மேற்பரப்பில் எதிர்ப்பொருள் ஓர் ஆண்டெனாபோல் நீட்டிக்கொண்டிருக்கிறது. திருத்தப்படாத ஆண்டெனா கண்டதையும் பற்றிக்கொண்டு, “பெருகு, பெருகு” என்ற சமிக்ஞையை உள்ளே அனுப்புகிறது. அந்தச் சமிக்ஞையை நடுவழியில் தடுக்கும் இப்ருடினிப் மாத்திரைக்கு, இந்நோய்க்காக அமெரிக்கா 2014இல் அனுமதி வழங்கியது. அதை உட்கொள்பவர்களிடம் இவ்விரு பிரிவினருக்கும் இடையிலான இடைவெளி வெகுவாகக் குறைந்திருக்கிறது.