ஓட்டிக் காட்டினார், ஓரங்கட்டினர்!

மோட்டார் ஓட்டும் தோழனைக் கேட்டுப்பாருங்கள், சொல்வான். சிவப்பு விளக்கு எரிகிறது, வண்டி நிற்கிறது. இயந்திரம் நிற்கிறதா? இல்லை! உறுமுகிறது, புகைகிறது, பெட்ரோலைக் குடிக்கிறது. பச்சை விளக்கு வந்ததும் வேகம் பிடிக்கிறான். அடுத்த முனையில் பிரேக்கை மிதிக்கிறான். பிடித்த வேகம் எங்கே போயிற்று? பிரேக்கில் சூடாகிக் காற்றிலே கரைந்தது. காசு கொடுத்து வாங்கிய பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குகூடச் சக்கரத்தைச் சேர்வதில்லை!

இந்த வீணடிப்புக்கு மாற்று இல்லையா? உண்டு. நேற்று முளைத்ததா? அதுவும் இல்லை. 1900-ஆம் ஆண்டிலேயே வியன்னா நகரத்து லோனர் தொழிற்சாலையில் ஃபெர்டினாண்ட் போர்ஷே என்ற இளைஞர், பெட்ரோல் இயந்திரத்தையும் மின்மோட்டாரையும் ஒரே வண்டியில் பூட்டிக் காட்டினார். ஹைப்ரிட் என்று இன்று சொல்கிறோமே, அந்தக் கலப்பு வண்டியின் கதை அவ்வளவு பழையது.

முறை விளங்காத மந்திரமல்ல. நின்ற வண்டியை நகர்த்தும் முதல் இழுப்பில் மின்மோட்டார் வல்லது. நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் ஓடுவதில் பெட்ரோல் இயந்திரம் வல்லது. அவரவர் வல்ல வேலையை அவரவர்க்குக் கொடு! மேடேறும்போது மோட்டார் தோள் கொடுப்பதால் சிறிய இயந்திரமே போதும். பிரேக் போடும்போது அதே மோட்டார் மின்சாரம் ஆக்கும் இயந்திரமாக மாறும். வீணாகும் வேகத்தில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பும். செலவைச் சேமிப்பாக்கும் சிக்கனம் இது!

இதை ஏட்டிலே எழுதியதோடு நிற்காமல், சாலையில் ஓடிய ஒரு சாதாரணக் காரிலேயே செய்து காட்டினார் அமெரிக்கப் பொறியாளர் விக்டர் வோக். புகை குறைந்த காரை ஊக்குவிக்க 1970-இல் அமெரிக்க அரசு ஒரு திட்டம் வகுத்தது. வோக்கும் நண்பர் சார்லஸ் ரோசனும் களத்தில் இறங்கினர். 1972-ஆம் ஆண்டு வார்ப்பான பியூக் ஸ்கைலார்க் கார் ஒன்றை எடுத்தனர். பெரிய இயந்திரத்தைக் கழற்றினர். மாஸ்டாவின் சிறிய சுழல் இயந்திரத்தை வைத்தனர். மின்மோட்டாரையும் பேட்டரிகளையும் சேர்த்தனர். வெளியே பார்த்தால் அதே கார்; உள்ளே புதிய உலகம்!

காலமும் கதவைத் தட்டியது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் தர மறுத்தன. பணம் படைத்த அமெரிக்காவிலே பெட்ரோலுக்கு நீண்ட வரிசை. 1974-இல் ஆன் ஆர்பர் அரசுக் கூடத்தில் வோக்கின் வண்டி சோதிக்கப்பட்டது. ஒரு காலன் பெட்ரோலில், மாற்றுவதற்கு முன் ஓடியதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு தூரம் ஓடியது. புகையும் வெகுவாகக் குறைந்தது.

பரிசு கிடைத்ததா? பாராட்டு கிடைத்ததா? நடைமுறைக்கு ஒவ்வாது என்று அதிகாரிகள் ஒதுக்கினர். 1976-இல் கதவைச் சாத்தினர். அதே 1976-இல் குடியரசுத் தலைவர் ஃபோர்டின் மறுப்பையும் மீறி, மின்வண்டி, கலப்பு வண்டி ஆராய்ச்சிக்கெனக் காங்கிரஸ் மன்றம் சட்டம் செய்தது. சட்டம் வந்தது, சந்தைக்கு வண்டி வரவில்லை!

குறையே இல்லாத வண்டியா அது என்று கேட்போர் உண்டு. குறை இருந்தது. அந்நாளைய ஈயப் பேட்டரி கனமானது. இரண்டு இயந்திரம் என்றால் இரட்டைச் செலவு. இயந்திரத்தையும் மோட்டாரையும் இசைவிக்கும் மின்னணுக் கருவியும் அன்று வளரவில்லை. நியாயந்தான். ஆனால், நடை பயிலும் குழந்தை தடுக்கி விழுந்தால் கையைப் பிடிப்பதா, காலை ஒடிப்பதா?

ஜப்பானைப் பாருங்கள். 1993-இல் டொயோட்டா நிறுவனம் புதிய கார் ஒன்றுக்குத் திட்டமிட்டது; தகேஷி உச்சியமாடா தலைமையேற்றார். முதல் சோதனை வண்டி வாரக்கணக்கில் அசையவே மறுத்தது. பொறியாளர்கள் துவளவில்லை, நிறுவனமும் கைவிடவில்லை. 1997 டிசம்பரில் பிரியஸ் விற்பனைக்கு வந்தது, உலகம் வியந்தது. ஆன் ஆர்பர் சோதனைக்கும் அதற்கும் இடையே 23 ஆண்டுகள்! வோக்குக்கு அப்போது வயது 78. அந்த 23 ஆண்டில் எரிந்த பெட்ரோல் எவ்வளவு? ஏழையின் நெஞ்சில் ஏறிய புகை எவ்வளவு? முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் அது ஏறாது. நகரத்து நடைபாதையில் வாழ்பவனின் இருமலிலே ஏறும்!

தோழர்களே, கலப்பு வண்டியும் பெட்ரோல் குடிக்கும் வண்டிதான். அதுவே முடிவான விடுதலை என்று நான் சொல்லவில்லை. நான் சொல்வது வேறு. அறிவு ஒருவனுடைய மூளையில் இருந்தது. அனுமதி இன்னொருவனுடைய மேசையில் இருந்தது. பட்டறையிலே பிறந்த உண்மை, கோப்பிலே புதைக்கப்பட்டது. ஆகவே, இயந்திரத்தைத் தொடும் கைகள் அதன் நுட்பத்தையும் கற்கட்டும். வாக்களிக்கும் கைகள் அந்த மேசையையும் கண்காணிக்கட்டும். கண்டுபிடித்தவன் காத்திருக்க, கையெழுத்திடுபவன் கண்ணுறங்கும் நாட்டில் விஞ்ஞானம் வளராது, விலைவாசிதான் வளரும்!