ஒரே வாத்தியார், இரண்டு யோகம்
பாயும் மூச்சும் – 11

சென்ற வாரம் சூரிய நமஸ்காரம் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் அத்தை போன் செய்தார். "தரையில உட்கார்ந்தா எழுந்திருக்க ரெண்டு பேர் வேணும். எனக்கெல்லாம் எதுக்குடா யோகா?"

அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. அவர் கேட்டது நியாயம்தான். பதில் சொல்ல மைசூருக்குப் போய்விட்டு வர வேண்டும்.

1933. ஜகன்மோகன் அரண்மனையில் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் ஒரு யோகசாலை. வாத்தியார் திருமலை கிருஷ்ணமாச்சார்யா. குள்ளமான உருவம், நெற்றியில் நாமம், பையன்களை நடுங்க வைக்கும் கண்டிப்பு. அங்கே கற்றவர்கள் பெரும்பாலும் இளவட்டங்கள். துள்ளிக் குதித்து ஓர் ஆசனத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் பயிற்சி, பார்க்க வருகிறவர்கள் வாய்பிளக்கச் செயல்விளக்கங்கள். 1938-ல் எடுத்த ஊமைப்படம் ஒன்று இன்றும் காணக் கிடைக்கிறது. அதில் எலும்பே இல்லாதவர்போல் வளைகிற இளைஞர் பி.கே.எஸ். அய்யங்கார், வாத்தியாரின் மைத்துனர். மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று வரிசையாகப் பட்டு நோஞ்சானாக மைசூர் வந்து சேர்ந்தவர். பட்டாபி ஜோயிஸும் அந்தச் சாலையில் தேறியவர்தான். இன்று உலகமெங்கும் ஜிம்களில் வியர்க்க வியர்க்கச் செய்யும் யோகாவில் பெரும்பகுதிக்கு ஊற்றுக்கண் அந்த அரண்மனைக் கூடம்.

1940-ல் மகாராஜா காலமானார். பிறகு சமஸ்தானமே போயிற்று. 1950-ல் யோகசாலையை மூடிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, பக்கவாதத்தில் படுத்துவிட்ட ஒரு பிரபல சட்ட நிபுணருக்கு உதவ வேண்டுமென்று கூப்பிட, கிருஷ்ணமாச்சார்யா சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். இங்கே அவரைத் தேடி வந்தவர்கள் துள்ளிக் குதிக்கிற பையன்கள் இல்லை. ஆஸ்துமாக்காரர்கள், முதுகு பிடித்துக்கொண்டவர்கள், தூக்கம் வராதவர்கள். அதே வாத்தியார், வேறு யோகம். ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லவில்லை. ஆசனத்துக்கு ஏற்ப ஆளை வளைக்காமல், ஆளுக்கு ஏற்ப ஆசனத்தை மாற்றினார். அவர் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். மைசூர்ப் படங்களைத்தான் எல்லோரும் சுவரில் மாட்டுகிறார்கள்.

அவருடைய மகன் தேசிகாச்சார் எஞ்சினீயரிங் படித்தவர். யோகத்தில் அவருக்கு நாட்டமே இல்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் வீட்டு வாசலில் பெரிய கார் வந்து நிற்கிறது. இறங்கிய நியூசிலாந்துப் பெண்மணி நடுத்தெருவில் அப்பாவைக் கட்டிப்பிடிக்கிறார். ஆசாரமான வைஷ்ணவ அப்பாவை! மகன் திகைத்துப்போய் விசாரித்தால், பல வருடம் தூக்கமில்லாமல் தவித்த அந்த அம்மாள் முதல்நாள் இரவு மாத்திரை இல்லாமல் தூங்கியிருக்கிறார். தேசிகாச்சாரே பிற்காலத்தில் சொன்ன கதை இது. வேலையை உதறிவிட்டு அப்பாவிடம் மாணவராக உட்கார்ந்தார். 1976-ல் அப்பா பெயரில் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தைச் சென்னையில் தொடங்கினார்.

அந்தப் பரம்பரையில் கற்ற ஓர் ஆசிரியையிடம்தான் அத்தையை அழைத்துப் போனேன். ஒரு காரணம் உண்டு. நாற்பத்திரண்டு வயதில் நானே ஒரு வகுப்பில் சேர்ந்தேன். முப்பது பேர், ஒரே கட்டளை. பக்கத்துப் பாயில் இருந்த கல்லூரிப் பையனைப் பார்த்து ரோஷத்தில் குனிந்தேன். தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொண்டது. மூன்று மாதம் ஸ்கூட்டரை உதைக்க முடியவில்லை.

ஆசிரியை பாயே விரிக்கவில்லை. மாத்திரைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார். "கதவு வரைக்கும் நடந்துட்டு வாங்கம்மா" என்றார். திரும்பி வந்து உட்காரச் சொன்னார், எழச் சொன்னார். மறுபடியும் உட்காரச் சொன்னார்.

"எழுந்துக்கும்போது மூச்சைப் பிடிச்சுக்கறீங்க, கவனிச்சீங்களா?"

அத்தை கவனித்ததில்லை. நானும் கவனித்ததில்லை, இத்தனைக்கும் மூச்சைப் பற்றித் தொடர் எழுதுகிறவன்.

பிறகு ஒரு வெள்ளைத்தாளில் மூன்று குச்சி மனிதர்களை வரைந்தார். நாற்காலியில் உட்கார்ந்த ஆள்: மூச்சை இழுக்கும்போது கை தோள் உயரத்துக்கு மேலே, விடும்போது கீழே, ஆறு தடவை. அதே நாற்காலியில், மூச்சை விட்டபடி கைகளைத் தொடையில் வழுக்கிக்கொண்டு முட்டி வரை குனிகிற ஆள். கட்டிலில் மல்லாந்து படுத்த ஆள்: நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு, பன்னிரண்டு மூச்சு. அம்புக்குறி மேலே போனால் இழுப்பது, கீழே வந்தால் விடுவது. அத்தையின் முட்டி வலிக்கென்று தனியாக ஒன்றுமே இல்லை.

விடுகிற மூச்சை ஏன் நீட்ட வேண்டும்? மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் விரைவுபடும், விடும்போது தணியும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு செய்யும் வேலை இது. நாம் சாதாரணமாக நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது மூச்சு விடுகிறோம். 2001-ல் இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். லத்தீனில் ஜெபமாலை சொன்னாலும், யோக மந்திரம் சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு அளவில் வந்து நின்றது. இதயமும் ரத்த அழுத்தமும் அந்தத் தாளத்தோடு சேர்ந்து ஏறி இறங்கின. அத்தையின் நாலும் ஆறும் பத்து விநாடி. கணக்கு அங்கேயே வந்து நிற்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் பி.பி. மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். மூச்சுப் பயிற்சியால் புற்றுநோய் போய்விடும் என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தூக்கம் கொஞ்சம் சீராவதும் படபடப்பு குறைவதும் சின்ன விஷயமா என்ன? பதஞ்சலியின் நூலில் இருநூறுக்குச் சற்றுக் குறைவான சூத்திரங்கள். ஆசனத்துக்கென்று அவர் ஒதுக்கியது மூன்றே மூன்று. அதிலும் அவர் எதிர்பார்ப்பது, இருக்கை அசையாமலும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதுதான். நாற்காலி கூடாது என்று எங்கும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து அத்தை போன் செய்தார். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறதாம். ஆனால் சோபாவிலிருந்து எழும்போது "அம்மாடி" என்று சொல்வது நின்றுவிட்டதாம். மூச்சை விட்டுக்கொண்டே எழுகிறாராம். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் கட்டிலிலேயே எண்ண ஆரம்பித்துவிடுகிறார். பன்னிரண்டு வரை போவதில்லை, எட்டிலேயே தூங்கிப்போகிறார்.

"அந்தத் தாளை ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன். உங்க மாமா அதைப் பார்த்து அவரும் கையைத் தூக்கிட்டிருக்கார்டா."

"அவருக்கு வேற தாள், அத்தை."

"அப்போ அவரையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போ."

(தொடரும்)