சம்பளத்தில் கழிக்கப்படுவது எல்லாம் வரி அல்ல

மீள்குடியேறிய பின்னர் முதன்முறையாக மாதச் சம்பள வேலைக்குப் போகிறவர்கள் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "40,000 ரூபா சம்பளம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். கையில் தந்தது 36,800. இந்த வரியை யார் எடுக்கிறார்கள்?" இதற்குப் பதில், அது வரியே அல்ல என்பதுதான்.

வருமான வரியை முதலில் பார்ப்போம். இலங்கையில் சம்பளத்தின் மீதான வருமான வரி உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு மட்டுமே செல்லும். மாகாண சபையோ பிரதேச சபையோ உங்கள் சம்பளத்திலிருந்து வரி எடுப்பதில்லை. பிரதேச சபைக்குக் கட்டும் சோலைவரி உங்கள் ஆதனத்துக்கானது. வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. 2025 ஏப்ரல் முதல், மாதச் சம்பளம் 150,000 ரூபாவுக்கு மேற்பட்டால் மட்டுமே வருமான வரி கழிக்கப்படும். அதுவும் மேற்பட்ட தொகைக்கு மட்டும். 160,000 ரூபா பெறுபவருக்கு மேலதிகமான 10,000 ரூபாவில் 6 வீதம், அதாவது 600 ரூபா. ஆகவே கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ 40,000 ரூபாவுக்கு வேலை செய்பவரின் சம்பளச் சிட்டையில் 'வருமான வரி' என்று ஒரு தொகை இருந்தால், அது என்னவென்று கட்டாயம் கேளுங்கள்.

அந்த 3,200 ரூபா எங்கே போகிறது? ஊழியர் சேமலாப நிதியத்துக்கு, நாம் வழமையாக ஈ.பி.எஃப். என்று சொல்வதற்கு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படும். தொழில் வழங்குநர் தன் பணத்திலிருந்து 12 வீதம் சேர்க்க வேண்டும். 40,000 ரூபாவுக்கு உங்கள் பங்கு 3,200, அவருடைய பங்கு 4,800. மாதம் 8,000 ரூபா உங்கள் பெயரில் சேர்கிறது. இதைவிட ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ஈ.ரி.எஃப்.) அவர் 3 வீதம், 1,200 ரூபா, கட்ட வேண்டும். இந்த 12 வீதத்தையோ 3 வீதத்தையோ உங்கள் சம்பளத்தில் கழிப்பது சட்டவிரோதம். சில இடங்களில் இது சத்தமில்லாமல் நடக்கிறது. சிட்டையில் 8 வீதத்துக்கு மேல் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு ஈ.பி.எஃப். கழிக்கப்படுவதில்லை என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

"ஈ.பி.எஃப். வேண்டாம் என்றால் முழுக்காசும் கையில் தருகிறேன்" என்று சொல்லும் முதலாளிமாரும் இருக்கிறார்கள். வீடு கட்டி முடியாத, கடன் இருக்கிற குடும்பத்துக்கு அந்த 3,200 ரூபா பெரிய காசுதான். ஆனால் அதற்காக அவர் கட்ட வேண்டிய 6,000 ரூபாவை மாதாமாதம் விட்டுக்கொடுக்கிறீர்கள், வருடத்துக்கு 72,000. இலாபம் அவருக்கு. சட்டமும் இதை அனுமதிப்பதில்லை. தற்காலிக ஊழியர், பயிலுநர், நாட்சம்பளக்காரர் எவரானாலும் வேலை தொடங்கிய நாளிலிருந்தே உரித்துடையவர்கள்.

இந்தப் பணத்தை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் ஓய்வுபெறும்போது எடுக்கலாம். திருமணத்தின் காரணமாக வேலையை விடும் பெண்களும், வேலை செய்ய முடியாதபடி நிரந்தரமாக இயலாமற்போனவர்களும் முன்னரே எடுக்கலாம். உறுப்பினர் இறந்தால் பின்னுரித்தாளிக்குச் சேரும். 10 வருடம் பங்களித்து, கணக்கில் குறைந்தது 300,000 ரூபா இருப்பவர் வீட்டுத் தேவைக்கோ மருத்துவத்துக்கோ 30 வீதத்தை எடுக்க முடியும். வீட்டுத்திட்ட உதவி போதாமல் அரைச்சுவரில் நிற்கும் வீடுகளுக்கு இது உதவக்கூடும்.

கழிக்கிறார்கள் என்பதற்காகக் கட்டுகிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு மாதத்துக்குரிய பணம் அடுத்த மாத இறுதிக்குள் கட்டப்பட வேண்டும். பிந்தினால் தொழில் வழங்குநருக்கு மேலதிகக் கட்டணம். உங்கள் உறுப்பினர் இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். 'பி' அட்டையில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பிழையில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பின்னர் அலைச்சல்.

இடப்பெயர்வுக்கு முன் வேலை செய்தவர்களுக்கும் ஒரு விடயம். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, பரந்தன் இரசாயன ஆலை போன்ற இடங்களிலோ வேறெங்குமோ ஈ.பி.எஃப். கழிக்கப்பட்டு, இன்னும் எடுக்காதிருந்தால், நிறுவனம் மூடப்பட்டாலும் அந்தக் கணக்கு அழிவதில்லை, வட்டியும் சேரும். அட்டை தொலைந்திருந்தால், அடையாள அட்டை, வேலை செய்த இடம், ஆண்டுகள், கையிலிருக்கும் பழைய சிட்டை அல்லது நியமனக் கடிதம் ஆகியவற்றுடன் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் அலுவலகங்கள் உள்ளன. பணம் கட்டாத தொழில் வழங்குநர் மீதான முறைப்பாட்டையும் அங்கேயே தமிழில் எழுதிக் கொடுக்கலாம். கொடுக்கும் கடிதத்தின் பிரதியொன்றில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.