நல்லியக்கோடன் ஊருக்கு நடந்துபோகும் வழி

சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்களுக்குத் திண்டிவனமும் விழுப்புரமும் பெரும்பாலும் தூக்கத்தில் கடந்துபோகும் ஊர்கள். விழித்திருந்தவருக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையும், சாலையோரம் குவித்து வைத்திருக்கும் தர்ப்பூசணியும், ஒரு மோட்டல் காபியும்தான். “அங்கே பார்க்க என்ன இருக்கு?” என்று கேட்பார்கள். செஞ்சிக் கோட்டை என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நடைவழிக் குறிப்புகளில் ஒன்று இந்த மண்ணைப் பற்றியதுதான். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, 269 அடிகள். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அந்த இடைக்கழிநாடு மரக்காணத்துக்குச் சற்று வடக்கே, செய்யூர்ப் பக்கம். ஆக, புலவர் உள்ளூர்க்காரர். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், எதிரே வரும் ஏழைப் பாணனிடம் ஓய்மா நாட்டு மன்னன் நல்லியக்கோடனைப் பார்க்கப் போகும் வழியைச் சொல்கிறான். கடற்கரையில் எயிற்பட்டினம், பிறகு வேலூர், ஆமூர், கடைசியில் கிடங்கில். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், கிடங்கில் இப்போது திண்டிவனத்துக்குள் இருக்கும் கிடங்கல் என்றும் ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். வேலூர் உப்புவேலூராகவும், ஆமூர் நல்லாமூராகவும் இருக்கலாம் என்பது பலர் கருத்து.

மரக்காணத்திலிருந்து திண்டிவனத்துக்கு இன்றைய சாலையில் சுமார் 35 கிலோமீட்டர். அந்தப் பாணன் தூரத்தை எண்ணிச் சொல்லவில்லை. கடலோரத்தில் தாழை அன்னம்போலப் பூத்திருக்கும், புன்னை முத்தாக அரும்பியிருக்கும், பரதவர் வீட்டில் சுட்ட மீன் கிடைக்கும் என்கிறான். உள்ளே வந்தால் அவரை பவழம் கோத்திருக்கும், காந்தள் விரல்விரலாக விரிந்திருக்கும், எயிற்றியர் சமைத்த புளிச்சோறு உண்டு. ஆமூரில் உலக்கை குற்றிய அரிசிச் சோறு, கூடவே நண்டு. பூவும் சோறும்தான் அவனுக்கு மைல்கல்.

நாம் இப்போது அடிகளை எண்ணி நடக்கிறோம். தினம் பத்தாயிரம் என்கிறது கைக்கடிகாரம். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானிக்கு வைத்த பெயரிலிருந்து பரவிய எண் அது. எந்த மருத்துவரும் எழுதிக்கொடுத்ததல்ல. எண்ணி நடப்பதில் குற்றமில்லை. எண்ணிக்கை முடிந்ததும் பார்த்தது எதுவும் நினைவில் இல்லை என்பதுதான் குறை.

பாட்டின் ஆமூர்ப் பகுதியில் ஒரு மீன்கொத்தி வருகிறது. குட்டையான காஞ்சி மரத்தின் பூத்த கிளையில் ஏறி, ஆழமான மடுவைப் பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறது. பிறகு பாய்ந்து கயலைக் கொத்துகிறது. அந்தப் பாய்ச்சலில் அதன் நகம் பட்டுத் தாமரை இலை கிழிகிறது. இலையில் விழுந்த கீறல்வரை எழுதியிருக்கிறார் நத்தத்தனார். பறவை காத்திருந்த நேரமெல்லாம் அவரும் அங்கே நின்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கீறல் கண்ணில் பட்டிருக்காது. கவனித்து நடப்பது எப்படி என்று இன்று வகுப்பு நடத்துகிறார்கள். எனக்கு இந்த மீன்கொத்தி போதும்.

இதே வட்டாரத்தில் நடையையே நோன்பாகக் கொண்டவர்களும் உண்டு. தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இருக்கும் மேல்சித்தாமூர் திண்டிவனத்துக்குப் பக்கம்தான். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களைப் பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். சமண முனிவருக்கு உரிய ஐந்து ஒழுங்குகளில் முதலாவது, நடக்கும் முறை: நான்கு முழ தூரத்துக்கு முன்னால் தரையைப் பார்த்து, எறும்பு, புழு எதுவும் மிதிபடாமல் அடி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் தரையெங்கும் உயிர் நடமாடும் என்பதால் பயணத்தையே நிறுத்தி ஓர் இடத்தில் தங்கிவிடுவார்கள்.

நீங்கள் போவதாக இருந்தால், பாணன் தொடங்கிய மரக்காணத்திலிருந்தே தொடங்கலாம். ஊரை ஒட்டி விரியும் கழுவேலி, தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021 டிசம்பரில் இதன் 5,151 எக்டேர் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எடையந்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறும். மேற்குப் பக்கம் மழைத்தண்ணீர் நிற்கும். ஆகவே கரையோடு நடந்தால் காலடியிலேயே நிலம் மாறுவது தெரியும்: ஓரிடத்தில் கோரை, சற்றுத் தள்ளி உமரி, அப்புறம் உப்பளப் பாத்தி. பூநாரை, கூழைக்கடா, ஊசிவால் வாத்து எல்லாம் வரும். உள்ளே திரும்பினால் சவுக்கு, முந்திரி, பனை, பிறகு கடலைக் கொல்லை. (டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை ரகங்களில் அந்த மூன்றெழுத்து திண்டிவனத்தைத்தான் குறிக்கிறது.)

விழுப்புரத்துக்காரர்களுக்குத் திருவக்கரை இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 1781-இலேயே சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையாளர் இவற்றைப் பதிவு செய்துவிட்டார். வேரும் கிளையும் இல்லாததால், வெள்ளம் வேறெங்கிருந்தோ உருட்டி வந்த மரங்கள் என்கிறார்கள் புவியியலாளர்கள். அவ்வூர் அம்மன் கோயிலுக்குப் பௌர்ணமிக்கு வரும் கூட்டத்தில் பாதிப்பேர் இந்தக் கல்மரப் பூங்காவுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. போனால் துண்டு கிடக்கிறதே என்று பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

35 கிலோமீட்டரையும் ஒரே நாளில் நடக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் கழுவேலிக் கரை, நடுவில் பேருந்து, சாயங்காலம் கிடங்கல் ஏரிக்கரை என்று பிரித்துக்கொண்டால் வயதானவர்களும் போகலாம். தண்ணீர் கொண்டுபோங்கள், பனை நிழலை நம்பாதீர்கள். சரணாலயத்துக்குள் இறங்குமுன் வனத்துறையினரிடம் கேட்டுவிடுங்கள். மாசி முடிவதற்குள் கிளம்புங்கள். கோடை வந்தால் ஏரியும் வற்றும், பறவைகளும் போய்விடும்.